எங்கள் கொல்லையில் ஒரு வெள்ளைப் பன்றி

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஒன்றுகூடல் விழாவில் 1977–80 விலங்கியல் பிரிவைச் சேர்ந்த ஒருவர் ஆற்றிய உரை. பேசியபடியே, சில இடங்களில் மட்டும் சுருக்கி, இங்கே தரப்படுகிறது.)



சங்கச் செயலாளர் போன மாதம் போன் செய்து, "நீ நகராட்சியில் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மாணவர்களுக்குப் பயன்படுகிற மாதிரி ஏதாவது பேசு" என்றார். என்ன தலைப்பு என்று கேட்டார். பன்றி என்றேன். கொஞ்ச நேரம் பதிலே இல்லை. பிறகு, "சுற்றுச்சூழல் என்று போட்டுக்கொள்ளட்டுமா?" என்றார். வேண்டாம், பன்றி என்றே போடுங்கள் என்றேன். அழைப்பிதழில் அப்படியே போட்டிருக்கிறார். அந்தத் தைரியத்துக்கு அவருக்கு முதல் நன்றி.

விடுதியில் தங்கிப் படித்த நண்பர்களுக்கு ஒரு கேள்வி. எழுபதுகளின் பிற்பாதியில் மெஸ்ஸின் பின்கட்டில், கைகழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில், இரண்டு மண்ணெண்ணெய் டின் இருக்குமே, நினைவிருக்கிறதா? தட்டில் மிஞ்சியதை எல்லாம் அதில்தான் கொட்டுவீர்கள். காலையில் ஒரு பெண் வந்து ஒரு டின்னை எடுத்துப் போவாள். மாலையில் பாத்திரம் தேய்க்கிற ஆயா இன்னொன்றை எடுத்துப் போவார்.

அந்த ஆயா என் அம்மா. காலையில் வந்தது என் அக்கா. அந்த டின்கள் போய்ச் சேர்ந்த இடம் உறையூரில் எங்கள் வீட்டுக் கொல்லை. அங்கே ஒரு வெள்ளைப் பன்றி இருந்தது. அந்தப் பன்றி போட்ட குட்டிகளை விற்ற பணத்தில்தான் நான் மூன்று வருடம் உங்களோடு உட்கார்ந்து விலங்கியல் படித்தேன்.

இதை உங்களில் ஒருவரிடமும் நான் அன்று சொன்னதில்லை. "வீட்டில் என்ன பண்றாங்க?" என்று கேட்டவர்களிடம் "மாடு வச்சிருக்கோம்" என்று சொன்னேன். அந்தப் பொய்யைத் திருத்திவிட்டு, பன்றியைப் பற்றி எனக்குத் தெரிந்த உண்மைகளையும் சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறேன்.

அப்பா உறையூரில் சுருட்டுச் சுற்றுகிற வேலை பார்த்தவர். 1975-ல் இறந்துபோனார். வீட்டுக்குப் பின்னால் மூன்று சென்ட் கொல்லை, ஒரு கிணறு, இரண்டு முருங்கை. அவர் விட்டுப்போன சொத்து அவ்வளவுதான். அம்மா விடுதியில் பாத்திரம் தேய்க்கப் போனார். சம்பளம் சாப்பாட்டுக்கே இழுத்துப் பறித்தது. அக்கா எஸ்.எஸ்.எல்.சி.யில் நல்ல மார்க் வாங்கி, டீச்சர் டிரெயினிங் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பி.யூ.சி. சேர வேண்டும். இரண்டில் ஒன்றுக்கும் வழியில்லை.

அன்று விடுதியின் மிச்சத்தைப் பின்பக்கக் குழியில்தான் கொட்டுவார்கள். தெருப்பன்றிகளும் நாய்களும் அதில் சண்டை போடும். அம்மா தினமும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர். எங்கள் பக்கத்தில் கால்நடை ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் ஒருநாள் அம்மாவிடம், "அரசாங்கப் பண்ணையில வெள்ளைப் பன்னிக் குட்டி கொடுக்கிறாங்கம்மா. சீமைச் சாதி. கொட்டில்ல கட்டி வளர்க்கிறது. இவ்வளவு சோறு சும்மா கிடைக்குதுன்னா வேற என்ன வேணும்?" என்றார். அம்மா விடுதி வார்டனிடம் அனுமதி கேட்டார். "குழி நாறாமல் இருந்தால் எனக்கும் நல்லதுதான்" என்று அவர் சம்மதித்தார். அம்மா காதில் கிடந்த தோட்டை விற்று, 1976-ல் ஒரு பெட்டைக் குட்டியை வாங்கிக்கொண்டு வந்தார். லார்ஜ் ஒயிட் யார்க்‌ஷையர் என்று அதன் பெயரை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அக்கா அதற்கு வெள்ளச்சி என்று பெயர் வைத்தாள்.

எங்கள் வீட்டில் அதற்கு முன் யாரும் பன்றி வளர்த்ததில்லை. யார் வளர்க்கலாம், யார் வளர்க்கக்கூடாது என்று ஊர் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. அது உங்களுக்கும் தெரியும். சொந்தக்காரர்கள் வந்தால் வாசலோடு நின்று பேசிவிட்டுப் போனார்கள். பெரியப்பா வீட்டில் எங்கள் வீட்டுத் தண்ணீரைக் குடிப்பதை நிறுத்தினார்கள். அம்மா அதற்கெல்லாம் ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை. கொட்டில் கட்டுகிற வேலையில் இருந்தார்.

அந்தக் கொட்டிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான்கு அடிச் சுவர், மேலே தென்னங்கீற்று. தரை கருங்கல் பாவி, சிமெண்டு பூசி, பின்பக்கம் சரிவாக இருக்கும். சரிவின் கடைசியில் ஒரு வாய்க்கால், அது ஒரு குழியில் போய் விழும். கிணற்றிலிருந்து குழி எவ்வளவு தூரம் தள்ளி இருக்கலாமோ அவ்வளவு தூரம். காலையும் மாலையும் கழுவி விடுவது என் வேலை. இருட்டோடு எழுந்து, தெரு விழிப்பதற்குள் முடித்துவிடுவேன்.

முதல் வாரத்திலேயே ஒன்றைக் கவனித்தேன். வெள்ளச்சி படுக்கிற இடத்தில் சாணம் போடாது. சரிவுப் பக்கம், ஈரம் இருக்கிற மூலை, அங்கேதான் போகும். இடம் கொடுத்தால் எல்லாப் பன்றியும் அப்படித்தான். இடம் கொடுக்காமல் அடைத்தால்தான் அசிங்கத்தில் படுக்கும். சேற்றில் புரளுவதற்கும் காரணம் இருக்கிறது. நமக்கு வியர்க்கிற மாதிரி அதற்கு வியர்த்து உடம்பு குளிராது. திருச்சி வெயில் உங்களுக்குத் தெரியும். நல்ல தண்ணீர் கிடைத்தால் அதில் நிற்கும். கிடைக்காவிட்டால் சாக்கடை. மே மாதத்தில் மதியம் நான்கு குடம் தண்ணீர் அதன் மேல் ஊற்றுவோம். குடத்தின் சத்தம் கேட்டாலே எழுந்து நிற்கும்.

தீனிக்கு வருகிறேன். டின் ஒன்று 18 லிட்டர். அதில் வருவதை அப்படியே போடக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பெரிய அண்டாவில் போட்டு, மரத்தூள் அடுப்பில் கொதிக்க வைத்து, ஆறவிட்டுப் போடுவோம். அதற்கு முன்னால் அக்கா கையை விட்டு எலும்பு, முள், தீக்குச்சி, சிகரெட் துண்டு எல்லாம் பொறுக்குவாள். ஆமாம், விடுதியில் சிகரெட் பிடித்தவர்கள் யார் என்று வார்டனுக்குத் தெரியாது, எங்கள் வீட்டில் தெரியும். (சிரிப்பு) காந்தி மார்க்கெட்டில் கழித்துப் போட்ட முட்டைக்கோஸ் இலை, வாழைத்தண்டு இதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை சாக்கில் வரும். மெஸ்ஸில் உப்புமா போட்ட நாளில் இரண்டு டின்னும் நிரம்பும். உங்களுக்குப் பிடிக்காத உப்புமாவால் நான் பட்டதாரி ஆனேன். (சிரிப்பு)

இப்போது சிரிக்கிறேன். அன்று சிரிக்கவில்லை. இரண்டாம் வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடுதியில் இருந்த ஒரு நண்பன் என்னை விருந்தாளியாகச் சாப்பிட அழைத்துப் போனான். அம்மாவுக்கு அன்று லீவு என்று நினைத்துப் போனேன். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அம்மா டின்னோடு உள்ளே வந்தார். என்னைப் பார்த்தார். தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவே இல்லை. நண்பன் தட்டை நகர்த்தி, "ஆயா, இதையும் எடுத்துக்க" என்றான். மரியாதைக் குறைவாக ஒன்றும் சொல்லவில்லை அவன். நல்ல பையன், இன்று இந்த மண்டபத்தில்தான் இருக்கிறான். அம்மா எடுத்துக்கொண்டு போனார். நான் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போகவே பயமாக இருந்தது. அம்மா அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, "உன் சேக்காளி ஊறுகாயை அள்ளி அள்ளி வச்சிருக்கான்டா. தனியா எடுத்துப் போடச் சொல்லு. பன்னிக்கு உப்பு ஆகாது" என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் அதைப் பற்றி அன்றும் பேசவில்லை, என்றும் பேசவில்லை.

அம்மா சொன்னது சரியான விஷயம். பன்றிக்கு உப்பு அதிகமாகி, குடிக்கத் தண்ணீரும் இல்லாமல் போனால், மூளை பாதித்து வலிப்பு வந்து செத்துவிடும். எச்சில் சோறு போட்டு வளர்க்கிறவர்கள் தண்ணீர்த் தொட்டி காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் நான் அவரிடம் மன்னிப்புக் கேட்பதற்கு இருந்த ஒரு சந்தர்ப்பத்தை அந்த உப்பு சாப்பிட்டுவிட்டது. நானும் "சரிம்மா" என்று சொல்லிவிட்டுக் கொட்டில் கழுவப் போய்விட்டேன்.

1977 நவம்பர். புயல் வந்து திருச்சி வெள்ளத்தில் மூழ்கியதை நம் வகுப்பில் யாரும் மறந்திருக்க முடியாது. உறையூரில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். வெள்ளச்சி மூன்று மாதச் சினை. எங்கள் எதிர் வீட்டில் ஒரு ரிட்டயர்ட் வாத்தியார் இருந்தார். பன்றியை அப்புறப்படுத்த வேண்டும் என்று நகராட்சிக்கு மனு எழுதி, தெருவில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தவர். அவர் வீட்டுத் திண்ணை நல்ல உயரம். அன்று இரவு தண்ணீர் ஏற ஏற, அம்மா கொட்டில் கதவைத் திறந்துவிட்டார். பன்றி நன்றாக நீந்தும். நேராக நீந்திப் போய் அவர் திண்ணையில் ஏறி நின்றது. நாங்கள் மூன்று பேரும் பின்னாலேயே போய்ச் சேர்ந்தோம். வாத்தியார் விளக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். பன்றியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "சினையா?" என்று கேட்டார். அம்மா ஆமாம் என்றார். உள்ளே போய் ஒரு சாக்கைக் கொண்டுவந்து போட்டார். இரண்டு நாள் நாங்களும் வெள்ளச்சியும் அந்தத் திண்ணையில்தான் இருந்தோம். அதற்காக அவர் மனுவை வாபஸ் வாங்கவில்லை. அதையும் சொல்ல வேண்டும்.

பன்றிக்குச் சினைக்காலம் 3 மாதம், 3 வாரம், 3 நாள். 114 நாள். ஒன்றிரண்டு நாள்தான் முன்பின் ஆகும். டிசம்பரில் 11 குட்டி போட்டது. தாய் படுக்கும்போது குட்டி சுவரோரம் நசுங்கிச் செத்துவிடும். அதனால் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி மூங்கில் கட்டியிருந்தோம். அப்படியும் ஒன்று போய்விட்டது. பத்து தங்கின. ஒவ்வொரு குட்டியும் தனக்கென்று ஒரு காம்பைப் பிடித்துக்கொள்ளும். சில நாளில் அது நிலையாகிவிடும். அதன் பிறகு மாற்றிக் குடிக்காது. முன்பக்கக் காம்பைப் பிடித்த குட்டி கொழுகொழுவென்று வரும். டாக்டர் வந்து இரும்புச் சத்து ஊசி போட்டார். மண்ணில் வளர்கிற குட்டிக்கு மண்ணிலிருந்தே இரும்பு கிடைத்துவிடும், சிமெண்டுத் தரையில் பிறந்ததற்கு ஊசி போடாவிட்டால் ரத்தம் சுண்டிப்போகும் என்று சொன்னார். எட்டு வாரத்தில் பால் மறக்கடித்து ஒன்பது குட்டிகளை விற்றோம். என் ஃபீஸ் கட்டி, புத்தகம் வாங்கி, எனக்கு இரண்டு பேண்ட் தைத்தார்கள். அக்காவுக்கு ஒரு புடவை எடுத்தார்கள். டிரெயினிங் பேச்சு அந்த வருடமும் இல்லை. யாராவது ஒருத்தர் காலை டின்னை எடுக்க வேண்டுமே.

அதே மாதங்களில்தான் நம் வகுப்பில் டீனியா சோலியம் பாடம் நடந்தது. பன்றி நாடாப்புழு. லேபில் கண்ணாடி ஜாடியில் இருக்குமே, அதுதான். அதன் வாழ்க்கைச் சுழற்சியைப் படம் போட்டுப் பாகம் குறிக்கச் சொன்னார்கள். பன்றி என்றதும் பின் பெஞ்சில் யாரோ ஒரு சாதியின் பெயரைச் சொல்லி ஏதோ ஜோக் அடித்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சிரித்துவிட்டு அந்தப் படத்தைப் பார்த்தேன். அதில் ஒரு அம்புக்குறி மனிதனிடமிருந்து பன்றிக்குப் போகிறது. வளர்ந்த நாடாப்புழு குடியிருப்பது மனிதனுடைய குடலில். அதன் முட்டை மனிதனுடைய மலத்தில் வெளியே வருகிறது. அதைத் தின்கிற பன்றியின் தசையில் கட்டி உண்டாகிறது. அந்த இறைச்சியைச் சரியாக வேகவைக்காமல் சாப்பிட்டால் புழு மறுபடி நமக்கே வருகிறது. முட்டையே நேராக நம் வாய்க்குள் போனால், அசுத்தமான கையாலோ கழுவாத காய்கறியாலோ, கட்டி நம் மூளையிலேயே உண்டாகி வலிப்பு வரும். பன்றி இறைச்சியைத் தொடாதவர்களுக்கும் இந்த நோய் வரும். கக்கூஸ் கட்டாத ஊரில்தான் பன்றிக்குப் புழு இருக்கும். கொட்டிலில் கட்டி, கொதிக்க வைத்த சோறு போட்டு வளர்த்த வெள்ளச்சிக்கு அதற்கு வழியில்லை. பரீட்சையில் இந்தக் கேள்வி வந்தது. நல்ல மார்க் வாங்கினேன்.

வாத்தியாரின் மனு 1978-ல் வேலை செய்தது. நகராட்சியிலிருந்து சானிட்டரி இன்ஸ்பெக்டர் வந்தார். அனுமதி இல்லாமல் ஊருக்குள் பன்றி வைத்திருக்கக்கூடாது என்பது சட்டம். எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம். அவர் கொட்டிலுக்குள் இறங்கினார். மூக்கை மூடவில்லை. தரையைப் பார்த்தார், குழியைப் பார்த்தார், அண்டாவைத் திறந்து பார்த்தார். குழிக்கு மூடி போடச் சொன்னார், வாரம் ஒருமுறை சாணத்தை வண்டியில் ஏற்றி வயலுக்கு அனுப்பச் சொன்னார், கொசு உட்காராமல் தண்ணீர் தேங்காமல் பார்க்கச் சொன்னார். அனுமதிக்கு எப்படி எழுத வேண்டும் என்று என்னிடம் சொல்லி, என்னையே எழுத வைத்தார். "பையன் படிப்பு முடியறவரைக்கும்தான்மா. அப்புறம் ஊருக்கு வெளியே கொண்டுபோயிடணும்" என்றார். நான் பி.எஸ்சி. முடித்து சானிட்டரி இன்ஸ்பெக்டர் டிரெயினிங்குக்கு மனுப் போட்டதற்குக் காரணம் அந்த மனிதர்தான்.

வெள்ளச்சி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 1981-ல் டிரெயினிங் ஃபீஸுக்காக இறைச்சிக்கு விற்றோம். நான் வேறு விதமாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஆனால் நடந்தது அதுதான். வண்டி வந்தபோது அக்கா வீட்டில் இல்லை. பழகின பன்றி, கூப்பிட்டால் வரும். அம்மா முன்னால் நடக்க, அதுவும் பின்னாலேயே நடந்து வண்டியில் ஏறியது. அன்று ராத்திரி அடுப்பு பற்ற வைக்கவில்லை. மறுநாள் அம்மா கொட்டிலை இடித்து, குழியை மூடி, அந்த இடத்தில் நான்கு பூவன் வாழை வைத்தார். அந்த மாதிரிக் குலையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. முதல் சீப்பை எதிர் வீட்டு வாத்தியாருக்குக் கொடுத்தனுப்பினார்.

1983-ல் ஒரு நகராட்சியில் வேலைக்குச் சேர்ந்தேன். பேர் வேண்டாம். சேர்ந்த மழைக்காலத்திலேயே எனக்கு வந்த ஆர்டர், தெருவில் திரிகிற பன்றிகளைப் பிடிப்பது. காரணம் மூளைக்காய்ச்சல். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் முதலில் 1955-ல் கண்டறியப்பட்டதே நம் வேலூரில்தான். அந்தக் கிருமி கொக்கு, நாரை போன்ற நீர்ப்பறவைகளிடம் இருக்கிறது. கொசு அதைப் பன்றிக்குக் கொண்டுபோகிறது. பன்றியின் உடம்பில் அது பல மடங்கு பெருகும், வளர்ந்த பன்றிக்குப் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. அங்கிருந்து கொசு குழந்தைகளுக்குக் கொண்டுவருகிறது. இது உண்மையான ஆபத்து. எங்கள் கொல்லையிலும் அந்த ஆபத்து இருந்தது, சாயங்காலம் வேப்பிலை போட்டுப் புகை போடுவதோடு சரி என்று நாங்கள் நினைத்திருந்தோம். வீடுகளுக்கு நடுவில் பன்றி வேண்டாம் என்கிற சட்டத்தில் நியாயம் இருக்கிறது. வாத்தியாரின் மனுவிலும் நியாயம் இருந்தது.

ஆனால் பிடிக்கிற விதம் இருக்கிறதே. விடியற்காலையில் சுருக்குக் கம்பியோடு ஆட்களை இறக்குவோம். பன்றி அலறுவது ஊர் முழுக்கக் கேட்கும். ஒருமுறை ஒரு அம்மாள் லாரியின் முன்னால் படுத்துவிட்டார். "என் புள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டணும் சாமி" என்றார். என் கையில் ஆர்டர் இருந்தது. போலீஸ் அவரைத் தூக்கி ஓரமாக உட்கார வைத்தது. லாரி போனது. நான்தான் கையெழுத்துப் போட்டேன்.

அந்த வாரம் வீட்டுக்குப் போனபோது அம்மாவிடம் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "பிடிச்சு ஏத்தினீங்களே, தண்ணி காட்டினீங்களா?" என்று மட்டும் கேட்டார். காட்டவில்லை. அதற்குப் பிறகு நான் இருந்த ஊர்களில் லாரியில் தண்ணீர்த் தொட்டி இல்லாமல் பிடிக்கப் போனதில்லை. பன்றி வளர்க்கிறவர்களை முன்கூட்டியே கூப்பிட்டுப் பேசாமல் போனதில்லை. இரண்டு ஊரில் ஊருக்கு வெளியே கொட்டில் போட இடம் கேட்டு எழுதினேன். ஒன்றில் கொடுத்தார்கள். இன்னொன்றில் நான் மாற்றலாகிப் போகும் வரை கோப்பு நகரவில்லை. 34 வருடச் சர்வீஸில் நான் சொல்லிக்கொள்ளக்கூடியது அவ்வளவுதான்.

நகரமும் பன்றியும் என்பது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தில் உணவுத் தட்டுப்பாடு. 1940-ல் அரசாங்கமே சிறு பன்றி வளர்ப்போருக்கு ஒரு கவுன்சில் வைத்தது. தெருக்காரர்கள் சேர்ந்து பன்றிச் சங்கம் அமைத்து, சமையலறைக் கழிவைப் பொதுவில் சேர்த்து வளர்த்தார்கள். லண்டன் ஹைட் பார்க்கில் போலீஸ்காரர்களே பன்றி வளர்த்தார்கள். அங்கே அது தேச சேவை. அதே இங்கிலாந்தில் 2001-ல் கோமாரி நோய் பரவி 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொல்ல வேண்டி வந்தது. சரியாகக் கொதிக்க வைக்காத எச்சில் உணவைப் போட்ட ஒரு பன்றிப் பண்ணையிலிருந்துதான் அது கிளம்பியது என்று விசாரணையில் முடிவு செய்தார்கள். அந்த வருடமே எச்சில் உணவு போடுவதைத் தடை செய்துவிட்டார்கள். எங்கள் அம்மாவின் அண்டாவுக்கு எவ்வளவு மதிப்பு என்று அன்று எனக்குப் புரிந்தது.

எகிப்தில் கெய்ரோ நகரத்தின் குப்பையை ஜபாலீன் என்ற மக்கள் வீடு வீடாகப் போய்ச் சேகரிக்கிறார்கள். அதில் இருந்த உணவுக் கழிவைப் பன்றிக்குப் போட்டு வந்தார்கள். 2009-ல் பன்றிக் காய்ச்சல் என்ற பெயரைக் கேட்டுப் பயந்து, நாட்டில் இருந்த சுமார் 3 லட்சம் பன்றிகளையும் அரசாங்கம் கொல்லச் சொன்னது. அந்தக் காய்ச்சல் மனிதருக்கு மனிதர் பரவுவது. பன்றிகள் போன பிறகு கெய்ரோ தெருக்களில் உணவுக் கழிவு மலைமலையாக நாறியது. பிழைப்பு போனது அந்த மக்களுக்கு.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு யாரும் வீட்டுக் கொல்லையில் பன்றி கட்டிவிடாதீர்கள். அக்கம்பக்கம் வீடுகள் நெருங்கிவிட்டன, அனுமதி கிடைக்காது, கொசு குறையவில்லை. இன்னொன்றும் வந்திருக்கிறது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2020-ல் வடகிழக்கு மாநிலங்களில் நுழைந்தது. 2022-ல் வயநாட்டுக்கு வந்துவிட்டது. மனிதருக்கு அது வராது. பன்றிக்கு வந்தால் அநேகமாக ஒன்றும் மிஞ்சாது. நோயுள்ள இறைச்சித் துண்டு கலந்த எச்சில் உணவு அது பரவுகிற வழிகளில் ஒன்று. பன்றி வளர்க்க ஆசைப்பட்டால் ஊருக்கு வெளியே இடம் பார்த்து, கால்நடைப் பல்கலைக்கழகத்தில் பயிற்சி எடுத்து, முறையாகச் செய்யுங்கள். நல்ல தொழில். வெட்கப்பட அதில் ஒன்றும் இல்லை. இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல எனக்கு நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

அம்மா 2011-ல் காலமானார். மெஸ்ஸில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேனே, அதற்கு நான் அவரிடம் கடைசி வரை மன்னிப்புக் கேட்கவில்லை. அக்காவிடம் கேட்டேன், போன வாரம். பன்றி வளர்க்கிற வீடு என்று அவளுக்கு வந்த இரண்டு சம்பந்தம் தட்டிப்போனது. டிரெயினிங் போகவே இல்லை. இந்த விழாவில் பேசப் போகிறேன் என்று சொன்னதும், "நானும் வர்றேன், அந்தப் பின்கட்டு வழியை ஒருதடவை பார்க்கணும்" என்றாள். இன்று காலை அழைத்துப் போய்க் காட்டினேன். மெஸ்ஸை இடித்துப் புதிதாகக் கட்டிவிட்டார்கள், கைகழுவுகிற தொட்டி மட்டும் கிட்டத்தட்ட அதே இடத்தில் இருக்கிறது. பக்கத்தில் பச்சை நிறத்தில் பிளாஸ்டிக் டிரம் இரண்டு வைத்திருக்கிறார்கள். அக்கா ஒன்றைத் திறந்து பார்த்தாள். "இன்னும் இவ்வளவு வீணாக்குறாங்களே" என்றாள். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். (நீண்ட கைதட்டல்)

விடுதி மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்து முடிக்கிறேன். வேண்டிய அளவு போட்டுக்கொண்டு, போட்டுக்கொண்டதைச் சாப்பிடுங்கள். அந்தப் பச்சை டிரம்மை இன்று காலையில் வந்து எடுத்துப் போனது ஒரு பெண். அவர் பெயர் என்ன என்று அங்கே நின்றிருந்த நான்கு மாணவர்களைக் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. எங்கள் காலத்திலும் தெரியாது. இன்று சாயங்காலம் சாப்பிடப் போகும்போது கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.